காற்றை எண்ணும் கணக்கர்கள்

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அன்று 35 டிகிரி வெயில். நவம்பர் என்றால் அங்கே வசந்தத்தின் கடைசி மாதம். நகரத்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் ரைகிராஸ் என்னும் புல் பூத்துக் கிடக்கும் காலம். மாலை ஆறு மணி வாக்கில் இடியோடு கூடிய பலத்த காற்று நகரத்துக்குள் நுழைந்தது. அதன் பிறகு மருத்துவமனைகளில் கூட்டம் நெரியத் தொடங்கியது. அடுத்த முப்பது மணி நேரத்தில் மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட மூவாயிரத்துக்கும் அதிகம். பத்துப் பேர் இறந்துபோனார்கள். வந்தவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதில்லை. இந்திய, ஆசிய வம்சாவளியினர் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டதும் பின்னர் தெரியவந்தது.

விஷவாயு எதுவும் கசியவில்லை. காற்றில் இருந்தது புல்லின் மகரந்தத்தூள். மகரந்தத் துகள் பெரியது, மூக்கோடு நின்றுவிடும். இடிமழைக்கு முன்னே வரும் ஈரக்காற்றில் அது வெடித்துச் சிதறினால் நுரையீரல் வரை போகும் அளவுக்குப் பொடியாகிவிடும். அன்று நடந்தது அதுதான் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

மழை வரும் என்பதை மணிக்கணக்கில் முன்னதாகச் சொல்ல முடிகிற உலகத்தில், காற்றில் இந்த நிமிடம் எத்தனை மகரந்தம் இருக்கிறது என்று சொல்ல ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? அதற்கான பதில் இருநூறு வருடக் கதை. அதில் கருவிகளைக் கண்டுபிடித்தது ஒரு பாதி. "உன் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான்" என்று நாடுகள் ஒத்துக்கொள்வது மறுபாதி. இரண்டாவது பாதிதான் கடினமாக இருந்திருக்கிறது, இன்னமும் முடியவில்லை.

தன்னையே சோதித்துக்கொண்ட டாக்டர்கள்

1819-ல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஒவ்வொரு கோடையிலும் கண் எரிச்சல், தும்மல், மூக்கொழுகல், மூச்சுமுட்டல். அந்த நோயாளி வேறு யாருமில்லை, அவரேதான். காரணம் வெயிலின் சூடு என்று அவர் நினைத்தார். வைக்கோல் உலர்த்தும் பருவத்தில் வருவதால் மக்கள் இதை 'ஹே ஃபீவர்' என்றார்கள். (ஹே என்றால் உலர்புல். காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

உண்மைக் காரணத்தைப் பிடித்தவர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் அதே நோய். புல்லின் மகரந்தத்தை எடுத்துத் தன் மூக்கிலும் கண்ணிலும் வைத்துப் பார்த்தார், தோலைக் கீறித் தேய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நோய் வந்தது. அதோடு விடவில்லை. பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைத் திறந்த வெளியில் வைத்து, அதில் ஒட்டிய மகரந்தத்தை மைக்ரோஸ்கோப்பில் தினமும் எண்ணினார். எண்ணிக்கை ஏறும் நாளில் தன் தும்மலும் ஏறுகிறதா என்று ஒப்பிட்டார். பட்டத்தில் கண்ணாடிச் சில்லைக் கட்டி மேலே அனுப்பியும் பார்த்தார். தரையைவிட உயரத்திலும் மகரந்தம் நிறைய இருந்தது. அப்படியானால் அது பக்கத்து வயலில் இருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. காற்று எங்கிருந்தோ கொண்டு வரலாம்.

அவருடைய புத்தகம் 1873-ல் வெளியானது.

1873: ஒரே வருடம், மூன்று ஊர்கள்

அந்த 1873 ஒரு விசித்திரமான வருடம்.

மான்செஸ்டரில் பிளாக்லியின் புத்தகம் வந்த அதே வருடம், கல்கத்தாவில் டி.டி. கன்னிங்ஹாம் என்ற ராணுவ மருத்துவர் காற்றின் நுண்ணோக்கி ஆய்வு பற்றிய தன் நூலை வெளியிட்டார். காலரா போன்ற நோய்கள் காற்றில் பரவுகின்றனவா என்பதுதான் அவருடைய கேள்வி. கல்கத்தாவின் சிறைச்சாலைகளில் கருவி வைத்துக் காற்றில் இருப்பதைப் பிடித்தார். கிடைத்தது காலராக் கிருமி அல்ல. கணக்கில்லாத பூஞ்சை வித்துகளும் மகரந்தமும். காற்றில் வித்துகள் கூடுவதற்கும் நோய் கூடுவதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று நேர்மையாக எழுதிவிட்டு, பார்த்ததையெல்லாம் அழகாக வரைந்து வைத்தார். காற்றிலுள்ள உயிர்த்துகள்களை ஆராயும் துறையின் முன்னோடி நூல்களில் ஒன்று இப்படி வங்காளத்துச் சிறைக்குள் பிறந்தது.

அதே வருடம் செப்டம்பரில் வியன்னாவில் முதலாவது சர்வதேச வானிலை மாநாடு கூடியது. எந்த அலகில் அளப்பது, எப்படிக் குறிப்பது, எப்படித் தந்தியில் அனுப்புவது என்று நாடுகள் பேசின. அதிலிருந்து சர்வதேச வானிலை அமைப்பு பிறந்தது. இன்றைய உலக வானிலை அமைப்பு அதன் வாரிசு.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மகரந்தம் நோய் தருகிறது என்று ஒருவர் காட்டிவிட்டார். வெப்பமண்டலத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் வரைந்துவிட்டார். காற்றை அளக்க நாடுகள் ஒன்றுசேரவும் தொடங்கிவிட்டன. ஆனால் முதல் இரண்டும் மூன்றாவதோடு சேரவில்லை. வெப்பமும் காற்றழுத்தமும் வியன்னாவில் ஏறிய ரயிலில் மகரந்தத்துக்கு இடம் கிடைக்கவில்லை. அது ஏற நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது.

காரணம் எளிது. தெர்மாமீட்டரை யாரும் படிக்கலாம். மகரந்தத்தை எண்ண ஒரு மனிதர் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார வேண்டும். இது புல், இது பிர்ச் மரம், இது பூஞ்சை வித்து என்று பிரித்தறியப் பயிற்சி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கும் சிலரே.

காப்பியை அழித்த வித்து

மகரந்தத்துக்கு இல்லாத அவசரம் பூஞ்சைக்கு இருந்தது, ஏனென்றால் அது பணத்தில் கைவைத்தது.

1869-ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. காப்பித் துரு நோய். தமிழ் மாவட்டங்களிலிருந்து நடந்தும் படகேறியும் போன தொழிலாளர்கள் உழைத்த தோட்டங்கள் அவை. விளைச்சல் வருடா வருடம் சரிந்தது. 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளரை இலங்கைக்கு அனுப்பினார்கள். கிளிசரின் தடவிய கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டத்தில் வைத்து, துருவின் வித்துகள் காற்றில்தான் பரவுகின்றன என்று அவர் காட்டினார். காரணம் தெரிந்தது, காப்பி பிழைக்கவில்லை. அந்தத் தீவில் பெரும் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் 1884-ல் திவாலானது. காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். இன்று 'சிலோன் டீ' என்று உலகம் குடிப்பதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து இருக்கிறது.

துரு இலங்கையோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் போனது. வித்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லையே!

அமெரிக்காவில் கோதுமைத் துரு இதே பாடத்தைச் சொன்னது. 1920களில் மின்னசோட்டாவின் எல்வின் ஸ்டாக்மேன் குழுவினர் விமானத்தில் பறந்து, ஆயிரக்கணக்கான அடி உயரத்திலும் துரு வித்துகளைப் பிடித்தார்கள். அந்நாட்டு வேளாண்துறையின் ஃப்ரெட் மையர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1933-ல் சார்லஸ் லிண்ட்பெர்க் ஆர்க்டிக் வழியாகப் பறந்தபோது, வித்து பிடிக்கும் கருவியை அவரிடம் கொடுத்தனுப்பினார். பனிப்பாலைவனத்தின் மேலேயும் மகரந்தமும் வித்தும் கிடைத்தன. 'ஏரோபயாலஜி', அதாவது காற்று உயிரியல் என்ற பெயரைப் பரப்பியவர் மையர்தான். பல நாட்டு விஞ்ஞானிகளை இதில் ஒன்றுசேர்க்க விரும்பினார். 1938 ஜூலையில் அவர் பயணம் செய்த 'ஹவாய் கிளிப்பர்' விமானம் பசிபிக் கடலின் மேல், குவாமுக்கும் மணிலாவுக்கும் நடுவே காணாமல் போனது. இன்றுவரை அது கிடைக்கவில்லை.

இந்தியாவில் இந்தத் துப்பறியும் வேலையைச் செய்தவர் ஆக்ராவின் கே.சி. மேத்தா. வடநாட்டுச் சமவெளியின் கோடையில் கோதுமைத் துரு உயிரோடு இருக்க முடியாது. பிறகு எப்படி வருடா வருடம் திரும்பி வருகிறது? குளிர்ந்த மலைகளில் தங்கி, அங்கிருந்து காற்றில் இறங்கி வருகிறது என்று பல வருட ஆய்வில் காட்டினார். அவர் சொன்ன மலைகள் இமயம் மட்டுமல்ல, நம் நீலகிரியும் பழனி மலையும்தான். வங்கக்கடலில் நவம்பர் மாதம் வரும் புயல்கள் நீலகிரி, பழனி வித்துகளை மத்திய இந்தியா வரை தூக்கிச் செல்லும் பாதையைப் பின்வந்தவர்கள் வரைந்தார்கள். ஊட்டிப் பக்கத்துத் துரு மத்தியப் பிரதேசத்துக் கோதுமையை அடிக்கிறது!

ஹர்ஸ்ட் செய்த பெட்டி

இதுவரை சொன்ன எல்லோருக்கும் ஒரு பொதுவான குறை. பசை தடவிய கண்ணாடியில் எத்தனை ஒட்டியது என்று தெரியும். எவ்வளவு காற்றிலிருந்து ஒட்டியது என்று தெரியாது. பலமாகக் காற்றடித்தால் அதிகம் ஒட்டும். அதை வைத்து ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட முடியாது.

1952-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஜிம் ஹர்ஸ்ட் என்ற பயிர்நோய் ஆய்வாளர் இதற்கு வழி கண்டார். அவருடைய கருவி, நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு மெல்லிய பிளவு வழியாக உறிஞ்சும். கிட்டத்தட்ட ஒரு மனிதர் மூச்சிழுக்கும் அளவு. உள்ளே பசை தடவிய கண்ணாடி, மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகரும். மாலை மூன்று மணிக்கு உள்ளே வந்த வித்து மூன்று மணிக்குரிய இடத்தில் ஒட்டியிருக்கும். காற்றின் அளவும் தெரியும், நேரமும் தெரியும். பின்னர் கண்ணாடிக்குப் பதில் கடிகாரம் சுழற்றும் உருளையில் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி, ஏழு நாள் தொடர்ந்து ஓட வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹர்ஸ்ட் தன் கட்டுரைத் தலைப்பிலேயே இதைத் 'தானியங்கி' என்றுதான் அழைத்தார். பிடிப்பது மட்டும்தான் தானியங்கி. எண்ணுவது அப்போதும் மனிதக் கண்தான்.

உருளைக்கிழங்கு நோய்க்காகச் செய்த பெட்டி விரைவில் மருத்துவமனை மாடிகளுக்கு ஏறியது. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் பில் ஃப்ராங்க்லேண்ட் அதை வைத்து மகரந்தம் எண்ணினார். 1960களில் பிரிட்டிஷ் மக்கள் வானிலையோடு சேர்த்து மகரந்த எண்ணிக்கையையும் செய்தியில் எதிர்பார்க்கத் தொடங்கியது அவரால்தான். (அவர் 108 வயது வரை வாழ்ந்து 2020-ல் காலமானார். மகரந்தம் எண்ணுவது உடம்புக்கு நல்லதுபோல!)

அந்தப் பெட்டி ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 14.4 கன மீட்டர் காற்று. 'ஒரு கன மீட்டருக்கு இத்தனை துகள்' என்ற அலகு உலகம் முழுவதும் நிலைத்தது. 1974-ல் ஹேக் நகரில் சர்வதேச காற்று உயிரியல் சங்கம் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பிய நாடுகள் தங்கள் எண்ணிக்கைகளை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க ஒரு வலையமைப்பை உருவாக்கின. அந்தத் தரவுத்தளம் அமைந்த ஊர் எது தெரியுமா? வியன்னா. 1873-ல் தவறவிட்ட ரயிலை அதே ஊரில் பிடித்ததுபோல.

ஒரு வாரம் பழைய செய்தி

இவ்வளவு இருந்தும் அடிப்படைக் குறை போகவில்லை. நாடாவை வாரம் ஒருமுறை கழற்ற வேண்டும், வெட்ட வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும், எண்ண வேண்டும். திங்கட்கிழமைக் காற்றில் இருந்தது அடுத்த வாரம்தான் தெரியும். முழு நாடாவையும் எண்ண முடியாததால் பத்தில் ஒரு பங்கு அளவு எண்ணிப் பெருக்கிக்கொள்வார்கள். போன வாரம் மழை பெய்ததா என்று இந்த வாரம் சொல்லும் வானிலை அறிக்கையை யாராவது மதிப்பார்களா? ஆஸ்துமாக்காரருக்கு வந்துகொண்டிருந்தது அப்படிப்பட்ட அறிக்கைதான். மீதியை நிபுணர்கள் அனுபவத்தாலும் கணிப்பாலும் நிரப்பினார்கள்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு உலகிலுள்ள மகரந்த நிலையங்களைத் தேடி எண்ணியது. இயங்கிக்கொண்டிருந்தவை 879. அதில் 500-க்கும் மேல் ஐரோப்பாவில். 600-க்கும் மேற்பட்டவை ஹர்ஸ்ட் முறையில்தான் ஓடின. அறுபத்தாறு வருடம் கழித்தும்!

முதலில் துணிந்த ஜப்பான்

எண்ணும் வேலையையும் இயந்திரத்திடம் பெரிய அளவில் முதலில் ஒப்படைத்தது ஜப்பான். அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வீடு கட்ட மரம் வேண்டும் என்று மலை மலையாக சுகி என்னும் ஊசியிலை மரத்தை நட்டார்கள். பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வந்தது, சுகியை வெட்ட ஆளில்லை. மரங்கள் வளர்ந்து மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கின. 2019-ல் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் நடந்த கணக்கெடுப்பில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மகரந்த ஒவ்வாமை இருந்தது.

2000களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'ஹனாகோ-சான்' என்ற செல்லப்பெயரில் தானியங்கி மகரந்தக் கண்காணிப்பைத் தொடங்கியது. லேசர் ஒளியின் குறுக்கே துகள் போகும்போது ஒளி சிதறும் விதத்தை வைத்து, சுகி மகரந்தம் போன்ற உருண்டைத் துகளா என்று கருவி முடிவு செய்யும். மணிக்கொரு முறை எண்ணிக்கை இணையத்தில் வந்தது. 2005-லிருந்து ஒரு தனியார் வானிலை நிறுவனம் பந்து போன்ற 'போலன் ரோபோ'க்களை வீடுகளின் வெளியே தொங்கவிட்டது. மகரந்தம் கூடினால் ரோபோவின் கண் நிறம் மாறும்!

ஆனால் இந்த முறை ஜப்பானுக்கு மட்டும் பொருந்தியது. அங்கே பருவத்தில் பறப்பது பெரும்பாலும் ஒரே வகை மகரந்தம். அதனால் 'எத்தனை' என்று தெரிந்தால் போதும், 'எது' என்று கேட்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் ஒரே நாளில் பிர்ச், ஓக், புல் எல்லாம் கலந்து பறக்கும். பிர்ச்சுக்குத் தும்முகிறவருக்கு ஓக் மரத்தின் கணக்கு எதற்கு? ஹனாகோ-சான் சேவையும் 2021-ல் நிறுத்தப்பட்டது.

மூன்று கருவிகள், மூன்று கண்கள்

'எது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கருவிகள் ஐரோப்பாவில் வந்தன. ஜெர்மனியின் ஹுண்ட் நிறுவனம் செய்த கருவி, மகரந்தத்தைப் பசையில் பிடித்து, தானே மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து, படத்தை வைத்து அடையாளம் காணும். சுவிட்சர்லாந்தின் பிளேர் நிறுவனத்துக் கருவி, பறக்கும் துகள் மீது லேசரும் புற ஊதா ஒளியும் பாய்ச்சி, அது ஒளியைச் சிதறடிக்கும் விதத்தையும் பதிலுக்கு மினுங்கும் விதத்தையும் படிக்கும். அதே நாட்டின் ஸ்விசென்ஸ் கருவி, பறக்கும் துகளை இரண்டு பக்கமிருந்து ஹாலோகிராம் படம் எடுக்கும். மூன்றிலும் முடிவெடுப்பது மென்பொருள். 'இது பிர்ச், இது புல்' என்று மாதிரிகளைக் காட்டிக் காட்டி அதற்குப் பாடம் நடத்தியிருப்பார்கள்.

2019-ல் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் எட்டுத் தானியங்கி நிலையங்களோடு தன் வலையமைப்பைத் தொடங்கி, எண்ணிக்கையை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் வானிலைத்துறை தன் மகரந்த நிலையங்களை மொத்தமாகத் தானியங்கிக்கு மாற்றி, 2023 முதல் 15 இடங்களிலிருந்து மணிக்கணக்கில் தகவல் தருகிறது.

இதைவிட மனதைத் தொடுவது செர்பியாவும் குரோஷியாவும் சேர்ந்து செய்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த ரேக்வீட் என்ற களை அந்தச் சமவெளியை ஆக்கிரமித்திருக்கிறது. (நம் ஊர் பார்த்தீனியத்துக்குப் பங்காளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதே சூரியகாந்திக் குடும்பம், அதே ஒவ்வாமை.) 1991-ல் இந்த இரண்டு நாடுகளும் போரில் இருந்தன. குரோஷியாவின் ஓசியெக் நகரத்தில் குண்டு விழுந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஓசியெக்கில் ஒன்றும் செர்பியாவின் நோவி சாத்தில் ஒன்றுமாக ஒரே மாதிரி தானியங்கிக் கருவிகளை வைத்து, கூட்டாக மகரந்தத்தை எண்ணத் தொடங்கினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பூத்த களை இந்தப் பக்கத்துக் குழந்தையைத் தும்ம வைக்கும்போது, அந்தப் பக்கத்து எண்ணிக்கை இல்லாமல் எந்த முன்னறிவிப்பும் செய்ய முடியாது.

ஊருக்கு ஒரு மரக்கால்

இங்கேதான் கதையின் முக்கியமான சிக்கல் வருகிறது.

ஹர்ஸ்ட் பெட்டி பழையது, மெதுவானது. ஆனால் எல்லோரிடமும் அதே பெட்டி. ஸ்பெயினின் 100-ம் போலந்தின் 100-ம் ஏறக்குறைய ஒன்றே. 2019-ல் அந்த முறையை ஐரோப்பியத் தரமாகவே எழுதி வைத்தார்கள். புதிய கருவிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கின்றன. ஒன்று சிறிய துகளைத் தவறவிடும், இன்னொன்று தூசியையும் சேர்த்துக்கொள்ளும். மென்பொருளுக்குப் பாடம் நடத்திய மாதிரிகள் மாறினால் விடையும் மாறும். ஊருக்கு ஊர் மரக்கால் வேறானால் நெல் வியாபாரம் எப்படி நடக்கும்?

வணிகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரு கம்பெனி தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் போடுகிறது, இன்னொன்று குறைந்துசெல் மதிப்பு முறையில் போடுகிறது. இரண்டின் லாபத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இரண்டும் பொய்க்கணக்கு இல்லை, ஆனால் ஒரே கணக்கும் இல்லை. அதற்குத்தான் கணக்கியல் தரங்கள் வந்தன. மகரந்தத்துக்கு அப்படியொரு தரத்தை உருவாக்குவதுதான் இப்போது நடக்கும் சர்வதேசக் கூட்டு முயற்சியின் உயிர்.

2018-ல் ஐரோப்பிய வானிலைத்துறைகளின் கூட்டமைப்பு 'ஆட்டோபோலன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியது சுவிஸ் வானிலைத்துறை. மகரந்தம் கடைசியில் வானிலைக்காரர்களின் ரயிலில் ஏறிவிட்டது! கருவி யாருடையதாகவும் இருக்கட்டும், தகவல் எந்த வடிவத்தில் வரவேண்டும், எப்படிச் சரிபார்க்க வேண்டும், எப்படி முன்னறிவிப்பு மாதிரிகளுக்குள் போகவேண்டும் என்பதைப் பொதுவாக வகுப்பது இதன் வேலை. மறுவருடம், பல நாட்டு ஆய்வாளர்களை இணைக்கும் 'அடாப்ட்' என்ற நான்கு வருடத் திட்டமும் சேர்ந்துகொண்டது.

2021 மார்ச் முதல் ஜூலை வரை மியூனிக்கில் ஒரு பந்தயம் நடந்தது. ஒன்பது வகைத் தானியங்கிக் கருவிகளை ஒரே இடத்தில், ஒரே காற்றில் ஓடவிட்டு, ஹர்ஸ்ட் பெட்டிகளோடு ஒப்பிட்டார்கள். போட்டியாளர்களான நிறுவனங்கள் தங்கள் சரக்கை மற்றவர் பக்கத்தில் வைத்து அளக்கச் சம்மதித்தன என்பதே பெரிய விஷயம். மொத்த மகரந்தத்தைச் சொல்வதில் பல கருவிகள் ஹர்ஸ்ட் பெட்டியோடு நன்றாகவே ஒத்துப்போயின. எந்தச் செடி என்று பிரிப்பதில் கருவிக்குக் கருவி வித்தியாசம் இருந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒப்பிடும் மரக்காலே சரியா? 2017-ல் வந்த ஓர் ஆய்வு, ஹர்ஸ்ட் பெட்டியின் காற்றோட்டத்தைச் சரிபார்க்கும் அளவுமானியே காற்றைத் தடுத்து, கணக்கைத் தவறாக்குகிறது என்று காட்டியது. பழைய மரக்காலிலும் ஓட்டை இருந்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரே மாதிரி மரக்கால் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அதற்காக அதைத் தூக்கி எறியவும் முடியாது. பருவநிலை மாறுவதால் மகரந்தப் பருவம் முன்கூட்டித் தொடங்குகிறதா என்பதைச் சொல்ல, பல பத்தாண்டுக் கணக்கு நம்மிடம் இருப்பது அந்தப் பெட்டியால்தான். புதிய கணக்கைப் பழைய கணக்கோடு தொடர்ச்சியாக இணைக்கவேண்டும், இல்லாவிட்டால் எழுபது வருடப் பேரேடு பாதியில் நின்றுவிடும்.

மீதமுள்ள வேலை

பூஞ்சை வித்துகளின் கதை இன்னும் பின்தங்கியிருக்கிறது. பெரும்பாலான வித்துகள் மகரந்தத்தைவிடச் சிறியவை, வகையோ மிக அதிகம். கருவிகள் மகரந்தத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆல்டர்நேரியா போன்ற பெரிய வித்துகளை அடையாளம் காண்பதில்தான் இப்போது முன்னேற்றம் தெரிகிறது. 1983-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இடிமழையன்று ஆஸ்துமா நோயாளிகள் குவிந்தபோது, காற்றில் கூடியிருந்தது மகரந்தமல்ல, பூஞ்சை வித்துகள். 2023-ல் ஃபின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் தொடங்கிய 'சில்வா' என்ற ஐரோப்பியத் திட்டம் மகரந்தம், வித்து இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

பணம் இன்னொரு கேள்வி. ஹர்ஸ்ட் பெட்டி மலிவு, எண்ணுபவரின் சம்பளம்தான் செலவு. புதிய கருவி விலை அதிகம், ஆனால் இரவும் பகலும் உழைக்கும். அதன் பலனோ தெருவிளக்கு மாதிரி. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாது, பணம் கொடுக்காதவரைத் தடுக்கவும் முடியாது. பொருளாதாரப் பாடத்தில் இதைத்தான் பொதுப் பண்டம் என்கிறார்கள். சந்தை இதைத் தானாகத் தராது. வானிலை நிலையங்களை எந்தக் காரணத்துக்காக அரசுகள் நடத்துகின்றனவோ, அதே காரணம் இங்கேயும் பொருந்தும்.

மெல்போர்ன் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2017 முதல் அந்த மாநிலத்தில் மகரந்தப் பருவத்தில் இடிமழை ஆஸ்துமாவுக்குத் தனி முன்னறிவிப்பு வருகிறது. வானிலையையும் புல் மகரந்தத்தையும் சேர்த்துப் பார்த்து, "நாளை வெளியே போகாதீர்கள், இன்ஹேலரைக் கையில் வைத்திருங்கள்" என்று முன்னதாகச் சொல்ல முடிகிறது.

அந்த 879 நிலையங்களுக்கு ஒரு முறை திரும்புங்கள். ஐரோப்பாவைக் கழித்தால், மீதி உலகம் முழுவதற்கும் நானூறுகூடத் தேறவில்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் அதற்குள். இங்குள்ள காற்றில் மகரந்தம் குறைவு என்பதால் அல்ல. கல்கத்தாச் சிறையில் 1873-லேயே வரைந்து வைத்த வித்துகள் எங்கேயும் போய்விடவில்லை. இனி தானியங்கிக் கருவி இந்தப் பக்கம் வந்தாலும், பிர்ச்சையும் ஓக்கையும் படித்த மென்பொருளுக்குப் பார்த்தீனியமும் தென்னையும் சவுக்கும் யாரென்று தெரியாது. இங்கே உள்ளவர்கள்தான் ஒவ்வொரு பூவாகக் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். தாவரம் தெரிந்த ஒரு மனிதர் மைக்ரோஸ்கோப்போடு உட்காரும் வேலை அங்கேயும் மிச்சமிருக்கிறது, பிளாக்லி உட்கார்ந்த மாதிரியே.